"வரி போட மாட்டேன்னு சத்தியம் பண்ணு": நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரிகளும் திட்டு விளம்பரங்களும்

கேள்வி (2024 ஆகஸ்ட் 19)

அமெரிக்காவுல பிரைமரில, அதான் கட்சி வேட்பாளர் யாருன்னு முடிவு பண்ற முதல் கட்டத் தேர்தல்ல, ஒரே கட்சிக்காரங்களே ஒருத்தர ஒருத்தர் வரி விஷயத்துல இவ்ளோ கேவலமா திட்டிக்கிறாங்களே, இதனால யாராச்சும் ஓட்ட மாத்திப் போடறாங்களா? எனக்குத் தெரிஞ்சு மாட்டாங்க. எல்லாம் விளம்பரக்காரங்க சம்பாதிக்கத்தான். அதுலயும் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துல வருமான வரியும் இல்ல, விற்பனை வரியும் இல்ல, இல்லாத வரிக்கு என்ன சண்டை? அங்க இருக்கறவங்க சொல்லுங்க.

ஆகஸ்ட் 19, ராத்திரி

மாத்திப் போடறாங்க. நான் அங்கதான் இருக்கேன், நாஷுவால, 2003-லருந்து. இல்லாத வரிக்குத்தான் இங்க அம்பது வருஷமா சண்டையே.

இன்னிக்கு சாயங்காலம் தபால் பெட்டியத் திறந்தா அஞ்சு அட்டை. நான் எந்தக் கட்சிலயும் சேராம பேரு பதிஞ்சு வச்சிருக்கேன், அப்படி இருக்கறவங்க பிரைமரி அன்னிக்கு எந்தக் கட்சிச் சீட்டு வேணும்னாலும் கேட்டு வாங்கிக்கலாம், அதனால ரெண்டு கட்சிக்காரங்க அட்டையும் நம்ம வீட்டுக்கு வந்து குவியும். நல்ல கனமான வழவழ அட்டை, கல்யாணப் பத்திரிகை மாதிரி. ஒரு பக்கம் எதிராளி போட்டோ, கருப்பு வெள்ளைல, பேசிட்டிருக்கும்போது வாய் பாதி திறந்திருக்கற நேரமாப் பாத்து எடுத்தது. இன்னொரு பக்கம் அட்டை அனுப்பினவரு, கலர்ல, குடும்பத்தோட, நாயோட, பின்னால பச்சை மலை. நடுவுல கொட்டை எழுத்துல "வரி ஏத்த ஓட்டுப் போட்டவர்". கீழ எறும்பு சைஸ்ல ஒரு மசோதா நம்பர். கண்ணாடியப் போட்டு அந்த நம்பரப் படிச்சு, ராத்திரி உக்காந்து தேடிப் பாத்தேன். அது மொத்த பட்ஜெட்டுக்குப் போட்ட ஓட்டு, உள்ள நூறு விஷயம் இருக்கு, அதுல ஒரு கட்டணம் ஏறியிருக்கு. அவ்ளோதான்.

எத்தனை பேரு நம்பரத் தேடுவாங்க? அட்டையப் பாத்துட்டு குப்பைல போடுவாங்க, ஆனா "வரி"ங்கற வார்த்தை மட்டும் மனசுல ஒட்டிக்கும். நாளைக்கு 1988 கதைய எழுதறேன், அதுதான் இதுக்கெல்லாம் பாடப்புத்தகம்.

ஆகஸ்ட் 20

1988 பிப்ரவரி. ரிபப்ளிகன் கட்சில ஜனாதிபதி வேட்பாளர் யாருன்னு போட்டி. ஒரு பக்கம் துணை ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் (அப்பா புஷ்), இன்னொரு பக்கம் கான்சாஸ் செனட்டர் பாப் டோல். பிப்ரவரி 8 அயோவால ஓட்டு. டோல் 37 சதவீதம், பாட் ராபர்ட்சன்னு ஒரு டிவி பிரசங்கியார் 25, புஷ் 19. பதவில இருக்கற துணை ஜனாதிபதி மூணாவது எடம்! எட்டே நாள்ல நியூ ஹாம்ப்ஷயர். இங்கயும் தோத்தா புஷ் கதை முடிஞ்சுதுன்னு எல்லாரும் பேசினாங்க.

அப்ப வந்ததுதான் அந்த விளம்பரம். பேரே "ஸ்ட்ராடில்". வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கால் இந்தப் பக்கம் ஒரு கால் போட்டு உக்காந்திருக்கறது, நாம ரெண்டு தோணில கால் வைக்கிறதுன்னு சொல்றோமே அது. திரைல டோலோட ரெண்டு முகம், எதிரெதிரா. ஒவ்வொரு விஷயமா வரும், புஷ் உறுதியா நின்னாரு, டோல் ஸ்ட்ராடில் பண்ணாருன்னு. ஏவுகணை ஒப்பந்தம், இறக்குமதி எண்ணெய் மேல வரி, கடைசியா வரி. புஷ் வரி ஏத்த மாட்டேங்கறாரு, டோல் அந்த வாக்கக் குடுக்க மாட்டேங்கறாரு, அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். முடிஞ்சுது. அர நிமிஷம்.

தயாரிச்சவரு ராஜர் எய்ல்ஸ். புஷ் மொதல்ல வேணாம்னுதான் சொன்னாராம், இது ரொம்ப நாகரிகமில்லாம இருக்குன்னு. பிரசாரத்த நடத்தின லீ ஆட்வாட்டரும், அப்ப இங்க கவர்னரா இருந்த ஜான் சுனுனுவும் சேந்து அவர ஒத்துக்க வச்சாங்க. ஓட்டுக்கு முந்தின சனி ஞாயிறு முழுக்க டிவில அதுதான்.

பிப்ரவரி 16 முடிவு: புஷ் 38, டோல் 28.

அன்னிக்கு ராத்திரி என்பிசி டிவில டாம் ப்ரோகா ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல காட்டி, புஷ்ஷுக்கு ஏதாச்சும் சொல்லணுமான்னு டோல கேக்கறாரு. டோல் முகம் இறுகிப் போய், என் ரெக்கார்டப் பத்திப் பொய் சொல்றத நிறுத்தச் சொல்லுங்கன்னாரு. அந்த வீடியோவ நான் பத்து தடவையாவது பாத்திருப்பேன். 1945-ல இத்தாலில குண்டடி பட்டு வலது கை போனவரு, அந்தக் கைல எப்பவும் ஒரு பேனாவப் பிடிச்சிட்டே இருப்பாரு. அவரப் பாக்கும்போது எனக்கு மனசு தாங்காது. ஆனா அந்த ஒரு வரியால, கோவக்காரன், தோல்வியத் தாங்காதவன்னு அவருக்கே கெட்ட பேராப் போச்சு. அடிச்சவனுக்குப் பேரு கெடல, வலிக்குதுன்னு கத்தினவனுக்குக் கெட்டுது.

எங்க எதிர்வீட்டுல ஒரு பெரியவர் இருந்தாரு, இந்த ஊர்லயே பொறந்து வளந்தவரு, அவருதான் எனக்கு இதெல்லாம் மொதல்ல சொன்னது. அவரு டோலுக்குப் போட்டவரு. அவரப் பத்தி அப்புறம் எழுதறேன்.

ஆகஸ்ட் 20, கொஞ்சம் கழிச்சு

ஒண்ணு விட்டுட்டேன். டோல் வாக்குக் குடுக்காததுக்குக் காரணம் இருந்துச்சு. செனட்ல வரிகளப் பாக்கற நிதிக் கமிட்டிக்குத் தலைவரா இருந்தவரு அவரு. 1982-ல பற்றாக்குறை எகிறினப்போ வரிய ஏத்தற சட்டத்த முன்ன நின்னு கொண்டு வந்ததும் அவருதான். அதுல கையெழுத்துப் போட்டது ரீகன். அந்த ரீகனோட துணை ஜனாதிபதி யாரு? புஷ்!

அத மட்டும் சொன்னாப் போதாது. 1980-ல இதே புஷ் ரீகன எதுத்து நின்னாரு. பென்சில்வேனியா பிரைமரி நேரத்துல பிட்ஸ்பர்க்ல ஒரு யுனிவர்சிட்டில பேசும்போது, ரீகனோட வரிக்குறைப்புத் திட்டத்த "வூடூ எகனாமிக்ஸ்"னு சொன்னாரு. அதாவது மந்திரவாதிப் பொருளாதாரம். வரியக் குறைச்சா வருமானம் தானா கூடும்ங்கறது மாயாஜாலம்னு அன்னிக்குத் தாக்கினவரு, எட்டு வருஷம் கழிச்சு வரி ஏத்த மாட்டேன்னு சொல்லாதவன் வேலில உக்காந்திருக்கான்னு தாக்கறாரு. எனக்கு அவர் மேல தனிப்பட்ட கோவம் கிடையாது. பிரைமரிங்கற களம் அப்படி. கொள்கைல பெருசா வித்தியாசம் இல்லாத ரெண்டு பேரு நிக்கறாங்க, வித்தியாசத்த உருவாக்கியாகணும், அதுக்கு வரி மாதிரி சுலபமான ஆயுதம் வேற இல்ல.

ஆகஸ்ட் 21

புஷ் விளம்பரத்தால மட்டுமா ஜெயிச்சாருன்னு ஒரு நண்பர் கேட்டது சரிதான். விளம்பரத்தால மட்டும் ஜெயிக்கல. நான் நேத்து எழுதினத திரும்பப் படிச்சா அப்படித்தான் தோணுது, திருத்திக்கறேன். சுனுனு இங்க ஊர் ஊரா ஆள் வச்சு வேலை பாத்திருந்தாரு. புஷ் கோட்டயும் டையையும் கழட்டிட்டு லாரி ஓட்டிக் காட்டினாரு, பனி தள்ற வண்டில ஏறினாரு. டோல் ஆளுங்க டிவில பதில் விளம்பரம் போடாம விட்டுட்டாங்க. விவாத மேடைல டெலவேர் கவர்னரா இருந்த பீட் டு பாண்ட் வரி ஏத்த மாட்டேன்ங்கற உறுதிமொழித் தாள டோல் கைல நீட்டி, போடுங்க கையெழுத்துன்னாரு. டோல் படிச்சுப் பாக்காம எப்படின்னு சமாளிச்சாரு. படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்னு சொல்றது நம்ம வீட்டுல பத்திரப் பதிவுக்குப் போறவங்க எல்லாரும் சொல்றது. அன்னிக்கு அதுவே குத்தம்.

ஆனா பத்து சதவீத இடைவெளி எட்டு நாள்ல தானா வராது.

ஆகஸ்ட் 22

இன்னொரு திருத்தம், இது பெருசு. நேத்து உறுதிமொழின்னு பொதுவா எழுதிட்டேன். ரெண்டு உறுதிமொழி இருக்கு, ரெண்டையும் கலக்கக் கூடாது.

ஒண்ணு, வரி ஏத்தறத எதுத்துப் பிரசாரம் பண்ற க்ரோவர் நார்க்விஸ்டோடது. 1985-ல "அமெரிக்கன்ஸ் ஃபார் டாக்ஸ் ரிஃபார்ம்" ஆரம்பிச்சாரு, அதுக்கு அடுத்த வருஷத்துலருந்து அரசியல்வாதிங்ககிட்ட கையெழுத்து வாங்கறாரு. இது நாடு முழுக்க. 1988-ல ரிபப்ளிகன் வேட்பாளர்கள்ல டோல் மட்டும்தான் போடல.

இன்னொண்ணு நியூ ஹாம்ப்ஷயருக்கே சொந்தமானது, அதவிடப் பழசு. இங்க "பிளெட்ஜ்"னு சொன்னாலே இதான். வருமான வரி, விற்பனை வரின்னு பரவலா எல்லார் மேலயும் விழற எந்த வரியும் கொண்டுவர விட மாட்டேன்னு கவர்னர் வேட்பாளர் குடுக்கற வாக்கு. இதோட வேர் 1972 பிரைமரி. அப்ப வால்டர் பீட்டர்சன்னு ரிபப்ளிகன் கவர்னர், பதவில இருக்கறவரு. மாநிலத்துக்கு வருமானம் பத்தல, வருமான வரி யோசிக்கணும்னு சொன்னாரு. அவரு கட்சிக்குள்ளயே மெல்ட்ரிம் தாம்ஸன் எதுத்து நின்னாரு. கோஷம் மூணே வார்த்தை, "ஆக்ஸ் தி டாக்ஸ்", வரிய வெட்டு. மான்செஸ்டர் யூனியன் லீடர் பத்திரிகை முதலாளி வில்லியம் லோப் தன்னோட பத்திரிகைய முழுசா அந்தப் பக்கம் திருப்பி விட்டாரு. பதவில இருந்த கவர்னர் சொந்தக் கட்சி பிரைமரில தோத்தாரு. தாம்ஸன் ஆறு வருஷம் ஆண்டாரு.

அதுக்கப்புறம் இங்க யாரு நின்னாலும் மொதக் கேள்வி இதான். டெமாக்ரட்ஸ் உட்பட. 1982-ல டெமாக்ரட் கவர்னர் ஹ்யூ காலன் பிளெட்ஜ் எடுக்க மாட்டேன்னாரு, தோத்தாரு. ஜெயிச்சது யாருன்னு பாருங்க, மேல சொன்ன அதே ஜான் சுனுனு. அந்த ஆயுதத்தோட கூர்மைய சொந்த அனுபவத்துல பாத்தவருதான் 1988-ல புஷ்ஷுக்கு எடுத்துக் குடுத்தது. இப்ப எழுதும்போதுதான் எனக்கே இந்த முடிச்சு அவுந்துச்சு.

ஆகஸ்ட் 25

"வரி இல்லாம எப்படி மாநிலம் நடக்குது, அப்ப அது சொர்க்கம்தானே?" சொர்க்கம்னு நினைச்சுதான் நாங்களும் வந்தோம். மாசசூசட்ஸ் எல்லையத் தாண்டினா நாஷுவா. இங்க பெசன்ட் லேன்னு ஒரு மால் இருக்கு, எல்லைக்கோட்டு மேலயே. கட்டடத்தோட ஒரு மூலைய வெட்டின மாதிரி கட்டியிருப்பாங்க, ஏன்னா அந்த மூலை நீண்டா மாசசூசட்ஸ் மண்ணுல போகும், விற்பனை வரி கட்டணும். பார்க்கிங் கொஞ்சம் அந்த மாநிலத்துல, கடை முழுக்க இந்த மாநிலத்துல. பாஸ்டன் பக்கம் இருக்கற நம்ம ஆளுங்க டிவி, லேப்டாப் வாங்க எங்க வீட்டுக்கு "விருந்தாளியா" வருவாங்க, வரட்டும், சந்தோஷம்.

ஆனா ஜூன்லயும் டிசம்பர்லயும் ஒரு கவர் வரும். சொத்து வரி. எங்க வீட்டுக்கு வருஷத்துக்கு எட்டாயிரம் டாலருக்கு மேல. அந்தத் தாள்ல நாலு வரி இருக்கும்: நகரம், உள்ளூர்ப் பள்ளி, மாநிலக் கல்வி, கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி). தனித்தனியா விகிதம் போட்டிருக்கும். உள்ளூர்ப் பள்ளி வரில விரல வச்சுப் பாருங்க, நகரத்தோட போட்டி போடற தொகை அதான். வருமான வரி வாங்காத மாநிலம் பள்ளிக்கூடச் செலவ ஊர் தலைல கட்டுது, ஊரு வீட்டுக்காரன் தலைல கட்டுது. வரி எங்கயும் ஓடிப் போகல, வேற கவர்ல வருது.

இதுல இருக்கற அநியாயம் என்னன்னா, பணக்கார ஊர்ல வீட்டு மதிப்பு ஜாஸ்தி, அதனால குறைஞ்ச விகிதத்துலயே நிறைய வசூல் ஆகும். மூடின மில்லுங்க நிக்கற ஏழை ஊர்ல விகிதத்த ஏத்திக்கிட்டே போனாலும் பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகும். க்ளேர்மான்ட்னு ஒரு ஊரு, கூட நாலு ஊரு, 1991-ல கேஸ் போட்டாங்க. 1993-ல மாநில உச்ச நீதிமன்றம் எல்லாப் பிள்ளைங்களுக்கும் தகுந்த கல்வி குடுக்கறது மாநிலத்தோட கடமைன்னுச்சு. 1997 டிசம்பர்ல, அந்தக் கடமைக்கு ஊருக்கு ஊரு வேற வேற விகிதத்துல சொத்து வரி வாங்கறது அரசியல் சட்டத்துக்கு விரோதம்னுச்சு. அதுக்குப் பதிலா 1999-ல என்ன கொண்டு வந்தாங்க? இன்னொரு சொத்து வரி! மாநிலம் முழுக்க ஒரே விகிதம், ஆயிரத்துக்கு 6 டாலர் 60 சென்ட். அதான் என் தாள்ல இருக்கற மூணாவது வரி. கோர்ட்டே சொன்னாலும் வருமான வரின்னு வாய் திறக்க யாருக்கும் தைரியம் இல்ல, ஏன்னா அடுத்த பிரைமரில அட்டை வரும்.

ஆகஸ்ட் 26

வயசானவங்களுக்கு விலக்கு உண்டான்னு கேட்டவருக்கு: உண்டு, ஆனா வருமானத்துக்கும் சொத்துக்கும் உச்சவரம்பு இருக்கு, அது ஊருக்கு ஊரு மாறும். கொஞ்சம் சேமிப்பு வச்சிருந்தா வெளிய தள்ளிடும். எதிர்வீட்டுப் பெரியவருக்கு அப்படித்தான் ஆச்சு. மனைவி போனதுக்கப்புறம் ஒரே பென்ஷன். வீட்டுக் கடன் எப்பவோ முடிஞ்சாச்சு, ஆனா சொத்து வரி முடியாதே. என்கிட்ட ஒரு தடவ சொன்னாரு, என் வீட்டுல நானே வாடகைக்கு இருக்கேன்னு. 2019-ல வித்துட்டு மெய்ன்ல மக வீட்டுக்குப் போயிட்டாரு. போகும்போது பனி தள்ற மிஷின எங்களுக்குக் குடுத்துட்டுப் போனாரு. இன்னும் ஓடுது.

ஆகஸ்ட் 31

வாக்குக் குடுத்தவங்க என்ன ஆனாங்கன்னு யாரும் கேக்கலயே. டோல அந்த வாக்க வச்சு அடிச்ச புஷ், 1988 ஆகஸ்ட்ல நியூ ஆர்லியன்ஸ் மாநாட்டுல "என் உதட்டப் பாருங்க, புது வரி இல்ல"ன்னு முழங்கினாரு. 1990 ஜூன்ல பற்றாக்குறை கழுத்த நெரிக்க, வரி வருவாய் கூட்டறதுக்கு ஒத்துக்கிட்டாரு. உச்ச விகிதம் 28-லருந்து 31 ஆச்சு. டோல் 1988-ல எதுக்காகத் தயங்கினாரோ அதே காரணம்!

1992 பிப்ரவரி, மறுபடி இதே நியூ ஹாம்ப்ஷயர். இப்ப புஷ் ஜனாதிபதி. இங்க நிலம மோசம், முந்தின அக்டோபர்ல மாநிலத்துல ஏழு பேங்க்க ஒரே நாள்ல மூடியிருந்தாங்க, வேலை இல்ல, வீட்டு விலை விழுந்து கெடக்கு. பாட் புக்கானன் எதுத்து நிக்கறாரு. அவரு புதுசா எதையும் யோசிக்கவே வேணாம். புஷ் உதட்டையே டிவில போட்டுக் காட்டினாரு. புஷ் 53, புக்கானன் 37. ஜெயிச்சாரு, ஆனா பதவில இருக்கற ஜனாதிபதிக்கு சொந்தக் கட்சில 53 தோல்வி மாதிரிதான். நவம்பர்ல போயிட்டாரு.

1996-ல இன்னும் வேடிக்கை. டோல் மறுபடி நிக்கறாரு, இந்தத் தடவ அடி வாங்கக் கூடாதுன்னு 1995-லயே நார்க்விஸ்ட் தாள்ல கையெழுத்துப் போட்டுட்டாரு. எதுக்க ஸ்டீவ் ஃபோர்ப்ஸ், பத்திரிகை முதலாளி, சொந்தக் காச கோடிக்கணக்குல கொட்டறாரு, எல்லாருக்கும் 17 சதவீதம் ஒரே விகிதம்ங்கறாரு. டோல் பக்கம் என்ன பண்ணாங்க? அந்தத் திட்டம் வந்தா நியூ ஹாம்ப்ஷயர் குடும்பங்களுக்கு வரி கூடும்னு கவர்னர் ஸ்டீவ் மெரில வச்சு விளம்பரம். ஃபோர்ப்ஸ் திட்டத்துல வீட்டுக் கடன் வட்டிக்கும் சொத்து வரிக்கும் கழிவு கிடையாது, நம்ம ஊர்ல அது வலிக்கற எடம், அத சரியாப் புடிச்சாங்க. லமார் அலெக்சாண்டர டென்னசி கவர்னரா இருந்தப்போ வரி ஏத்தினவர்னு இன்னொரு விளம்பரம். ரெண்டு பேரையும் இறக்கினாங்க. ஆனா ஜெயிச்சது டோல் இல்ல, புக்கானன், 27-க்கு 26. ரெண்டு பேர அடிக்கறதுல கவனம் இருக்கும்போது மூணாவது ஆளு முந்திட்டாரு. அடி வாங்கினவரு அடிக்கக் கத்துக்கிட்டாரு, அதுதான் எனக்கு இதுல ரொம்ப வருத்தம்.

செப்டம்பர் 3

"பிளெட்ஜ் எடுக்காதவங்க யாருமே பொழைக்கலையா"ன்னு ஒருத்தர் மடக்கியிருக்காரு. பொழைச்சாங்க. டெமாக்ரட் கவர்னரா இருந்த ஜீன் ஷஹீன். 1996, 98 ரெண்டுலயும் பிளெட்ஜ் எடுத்து ஜெயிச்சாங்க, 2000-ல எடுக்க மாட்டேன்னாங்க, அப்பவும் ஜெயிச்சாங்க. அடுத்த வருஷம் 2.5 சதவீத விற்பனை வரி கொண்டு வரப் பாத்து சட்டசபைல விழுந்துச்சு. நான் முந்தி எழுதினது கொஞ்சம் மிகை, ஒத்துக்கறேன்.

2002-ல ரிபப்ளிகன் பக்கம் ப்ரூஸ் கியோ பிளெட்ஜ் எடுக்கல, கம்ப்யூட்டர் நெட்வொர்க் கம்பெனில சம்பாதிச்ச க்ரெய்க் பென்சன் சொந்தக் காசோட வந்து பிரைமரில ஜெயிச்சாரு. டெமாக்ரட் பக்கம் மார்க் ஃபெர்னால்ட் வருமான வரி வேணும்னு வெளிப்படையாவே நின்னு பிரைமரிய ஜெயிச்சாரு, நவம்பர்ல பென்சன்கிட்ட படுதோல்வி. அதுக்கப்புறம் டெமாக்ரட்ஸ் மறுபடி பிளெட்ஜுக்குள்ள போயிட்டாங்க.

இப்ப என் கதை. நான் குடியுரிமை வாங்கி மொதல்ல போட்ட பிரைமரி 2012 செப்டம்பர். டெமாக்ரட் சீட்டு கேட்டு வாங்கினேன். மேகி ஹாசன் பிளெட்ஜ் எடுத்தவங்க, ஜாக்கி சில்லி எடுக்க மாட்டேன்னவங்க. சில்லி சொன்னது எனக்குப் புடிச்சிருந்துச்சு, எல்லாத்தையும் மேசைல வச்சுப் பேசுவோம்னாங்க. வருமான வரி போடுவேன்னு சொல்லல. ஆனா ஆபீஸ்ல, கோயில்ல, பொட்லக் விருந்துல எங்க பாத்தாலும் "அந்தம்மா வந்தா வருமான வரி"ன்னு பேச்சு. நான் வேலை பாக்கறது மாசசூசட்ஸ்ல, அந்த மாநிலத்துக்கு ஏற்கனவே வருமான வரி கட்டறேன், வீட்டுக்காரர் இங்கயே வேலை. அவர் சம்பளத்துலயும் போயிடுமோன்னு பயம். கணக்குப் போட்டுப் பாக்கவே இல்ல. சொத்து வரி எவ்ளோ குறையும்னு ஒரு நிமிஷம் யோசிக்கல. ஹாசனுக்குப் போட்டேன். அவங்க நல்லாத்தான் ஆண்டாங்க, குறை சொல்லல. ஆனா நான் போட்டது அவங்களுக்காக இல்ல, ஒரு வார்த்தைக்குப் பயந்து. மேல கேள்வி கேட்ட தம்பி, யாரு ஓட்ட மாத்திப் போட்டதுன்னு கேட்டீங்களே.

செப்டம்பர் 4

2020-அ விட்டுட்டேன். ஆண்ட்ரூ வோலின்ஸ்கி, க்ளேர்மான்ட் கேஸ்ல அந்த ஊருங்களுக்காக வாதாடின வக்கீல், டெமாக்ரட் பிரைமரில நின்னாரு, பிளெட்ஜ் எடுக்காம. முப்பது வருஷம் அந்தப் பள்ளிக்கூடங்களுக்காக உழைச்ச மனுஷன். டேன் ஃபெல்டெஸ் பிளெட்ஜ் எடுத்து, கொஞ்ச வித்தியாசத்துல ஜெயிச்சாரு. பிளெட்ஜ் எடுத்ததால தப்பிச்சாரா? இல்ல. சம்பளத்துல சின்னத் தொகை பிடிச்சு பிரசவ, மருத்துவ விடுப்புக்குக் குடுக்கற திட்டத்த டெமாக்ரட்ஸ் சட்டசபைல கொண்டு வந்திருந்தாங்க, அதையே கவர்னர் கிரிஸ் சுனுனு (ஜான் சுனுனு மகன்) "வருமான வரி"ன்னு பேரு வச்சு 2019-ல வீட்டோ பண்ணியிருந்தாரு. தேர்தல்லயும் அதே பேருதான் ஓடுச்சு. கையெழுத்துப் போட்டாலும் போடலைன்னாலும் அந்த வார்த்தை தேடி வரும்.

செப்டம்பர் 10

இன்னிக்கு பிரைமரி. காலைல ஏழரைக்குப் போனேன், பள்ளிக்கூட ஜிம்ல. வெளிய ரெண்டு பக்கமும் பலகை புடிச்சு நிக்கறாங்க, ரிபப்ளிகன் கவர்னர் போட்டில கெல்லி அயாட், சக் மோர்ஸ் பலகைதான் நிறைய. அயாட் கோஷம் "டோன்ட் மாஸ் அப் நியூ ஹாம்ப்ஷயர்", மாசசூசட்ஸ் மாதிரி ஆக்கிடாதீங்கன்னு. ஒரு பக்கத்து மாநிலத்தோட பேரே இங்க திட்டு வார்த்தை ஆயிடுச்சு. அந்த மாநிலத்துல தினமும் வேலைக்குப் போய்ட்டு வர்ற எங்கள மாதிரி ஆளுங்க இங்க ஆயிரக்கணக்குல இருக்கோம். கொரோனா சமயத்துல வீட்டுல உக்காந்து வேலை பாத்தப்பவும் மாசசூசட்ஸ் எங்ககிட்ட வரி வாங்கினதுக்கு நியூ ஹாம்ப்ஷயர் அரசு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுக்கே போச்சு, 2021 ஜூன்ல கேஸ எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க. அதனால அந்தக் கோஷம் வேலை செய்யறது ஏன்னு எனக்கும் புரியுது.

சீட்டு வாங்கினேன், போட்டேன், வெளிய வரும்போது மேசைல பேரு எழுதி மறுபடி கட்சியில்லாதவளா ஆயிட்டு வந்தேன். யாருக்குன்னு சொல்ல மாட்டேன். அட்டை எதையும் பாக்காம போட்டேன்.

செப்டம்பர் 11

அயாட் ஜெயிச்சாச்சு, டெமாக்ரட் பக்கம் ஜாய்ஸ் க்ரெய்க். இனி நவம்பர் வரைக்கும் அட்டை ரெட்டிப்பு ஆகும்.

டிசம்பர் 8

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல. நவம்பர்ல அயாட் ஜெயிச்சது எல்லாருக்கும் தெரியும். வட்டிக்கும் டிவிடெண்டுக்கும் இருந்த வரியும் ஜனவரி 1-லருந்து போகுது, அஞ்சு சதவீதம் இருந்தத நாலு, மூணுன்னு குறைச்சு இப்ப பூஜ்யம். ஷேர் வச்சிருக்கறவங்களுக்கு லாபம். என் தாள்ல நாலு வரியும் அப்படியே இருக்கு, டிசம்பர் கவர் வந்தாச்சு.

கவரப் பாத்ததும் பெரியவர் ஞாபகம் வந்து மெய்னுக்கு போன் பண்ணினேன். தொண்ணூறு தாண்டியாச்சு, குரல் நடுங்குது ஆனா நினைவு தெளிவு. இந்த இழையப் பத்திச் சொன்னேன், நீங்க டோலுக்குப் போட்டவர்னு எழுதியிருக்கேன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் சொன்னாரு, இல்லம்மா, நீ தப்பா எழுதியிருக்கே. டோல் கூட்டத்துக்குப் போனேன், கை குடுத்தேன், இடது கையால குடுத்தாரு, அவருக்குத்தான் போடணும்னு இருந்தேன். ஞாயித்துக்கிழம மூணு தடவ அந்த விளம்பரத்தப் பாத்தோம், நானும் என் வீட்டுக்காரியும். செவ்வாக்கிழம ரெண்டு பேருமே புஷ்ஷுக்குப் போட்டோம். வீட்டுக்கு வரி ஏறிடும்னு பயம்.

92-லன்னு கேட்டேன்.

புக்கானனுக்கு, புஷ் ஏமாத்திட்டாரேன்னு.

அந்த வருஷங்கள்ல வீட்டு வரி குறைஞ்சுதான்னு கேட்டேன். சிரிச்சாரு. பழைய ரசீது எல்லாம் ஒரு ஷூ டப்பால இருக்காம், மக தூக்கிப் போடச் சொன்னாளாம், போடலயாம். அடுத்த தடவ வரும்போது எடுத்துத் தரேன், நீயே பாருன்னாரு.